கோலாலம்பூரில் சின்னக் கடை திறக்கிறீர்களா? தீப் பாதுகாப்பைக் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்

முதல்முறையாகக் கடை திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை பார்க்கிறார்கள். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பெயர்ப் பதிவு, இடத்துக்கு முன்பணம், அலமாரி, பெயர்ப்பலகை, சரக்கு. எல்லாம் முடிந்து திறப்பு விழாவுக்கு நாளும் குறித்த பிறகுதான், "அண்ணே, போம்பாவுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். போம்பா என்றால் தீயணைப்புத் துறை. அப்போது போய்ப் பார்த்தால் பின்கதவுக்கு முன்னால் ஃப்ரீசர் நிற்கும். மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் ஏறியிருக்கும். பழைய வயரிங்கைப் புது சீலிங் மூடியிருக்கும். சரி செய்ய வேண்டுமென்றால் செய்த வேலையைப் பிரிக்க வேண்டும். அதற்குப் பணமும் வராது, மனசும் வராது.

கடைகளுக்கு உள்வேலை எடுத்துச் செய்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: தீப் பாதுகாப்பின் பெரும்பகுதி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தீயணைப்புக் கருவியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். வெளியேற வழியில்லாத இடத்தை எடுத்துவிட்டால் வழியை எங்கே போய் வாங்குவது?

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங், ஜாலான் ஈப்போ பக்கம் கடைவீட்டு வரிசையில் ஒரு லாட், அதாவது ஒரு கடை அளவு இடம், அல்லது அரை லாட் எடுத்துத் துணிக்கடை, மளிகை, பூஜைப் பொருள், கைபேசிக் கடை என்று தொடங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பேரங்காடிக்குள் கடை எடுப்பவர்களுக்கு நடைமுறை கொஞ்சம் வேறு. அதை இடையில் சொல்கிறேன்.

இந்த ஊருக்கும் தீக்கும் பழைய கணக்கு உண்டு. மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நெருக்கிக் கட்டிய கோலாலம்பூரை 1881 ஜனவரியில் ஒரு தீ அழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் மிச்சத்தையும் கொண்டுபோனது. பிறகு பிராங்க் சுவெட்டன்ஹாம் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில்தான் செங்கல், ஓட்டுக் கட்டடங்களாக ஊர் திரும்ப எழுந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே இன்று நாம் கடை போடும் பிரிக்ஃபீல்ட்ஸ். கடைவீடுகளுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்புவதும் பின்பக்கச் சந்துவழியைத் திறந்து வைப்பதும் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். அந்தச் சுவரில் ஓட்டை போடாமலும் அந்தச் சந்துவழியை அடைக்காமலும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இடம் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். முன்பக்கம் நின்று வாடகை பேசுவதற்கு முன் நேராகப் பின்கதவுக்குப் போங்கள். அதைத் திறக்கச் சொல்லுங்கள். "சாவி முதலாளிகிட்ட இருக்கு" என்று ஏஜெண்டு சொன்னால் இன்னொரு நாள் சாவியோடு வரச் சொல்லுங்கள். திறந்ததும் வெளியே இறங்கிப் பின்சந்தில் இரண்டு பக்கமும் முனைவரை நடந்து பாருங்கள். பக்கத்துக் கடைக்காரர் சமையலறையை நீட்டிக் கூரை போட்டிருக்கலாம். முனையில் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருக்கலாம். கதவு திறந்தும் தெருவுக்குப் போக முடியாவிட்டால் அது வழியே இல்லை.

சாதாரணமாக ஒரு லாட் இருபது அடி அகலம், எழுபது அடி நீளம் இருக்கும். காலியாக இருக்கும்போது எழுபது அடி பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் நடுவில் நான்கு வரிசை அலமாரி வந்து, மின்சாரம் போய், புகை இறங்கினால் பின்கோடியில் நிற்கும் வாடிக்கையாளருக்கு முன்வாசல் கண்ணில் படாது. அதனால்தான் பின்கதவை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அடுத்து மேலே பாருங்கள். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்தால், பக்கத்துக் கடைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகிறதா, சீலிங்கோடு நின்றுவிடுகிறதா என்று தெரிந்துவிடும். பழைய வரிசைகளில் சுவர் பாதியில் நின்று, கூரைக்கடி வெளி நான்கைந்து கடைக்கும் பொதுவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் எங்கேயோ பிடித்த தீ உங்கள் தலைக்கு மேல் வந்துவிடும். இதை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். சுவரை ஏற்றிக் கட்டித் தருகிறேன் என்றால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மாடியில் யார் இருக்கிறார்கள், பக்கத்தில் என்ன வியாபாரம் என்று விசாரியுங்கள். ஒரு பக்கம் மெத்தைக் கடை, மறுபக்கம் நாள் முழுக்க எண்ணெய் கொதிக்கும் உணவகம் என்றால் அது உங்கள் காப்புறுதிக் கட்டணத்தில்கூடத் தெரியும். அப்புறம், தெருவில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச் சட்டம். அதன் மேல் யாரும் சாமான் அடுக்காமல், வண்டி நிறுத்தாமல் இருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். அதை மறைப்பது குற்றம்.

வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய தாள்கள் இரண்டு. ஒன்று, கட்டடத்தில் குடியேறத் தகுதி உண்டு என்ற சான்றிதழ். பழைய கட்டடத்துக்கு சிஎஃப், 2007க்குப் பிறகு வந்த முறையில் சிசிசி. இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல். வரைபடத்தில் இல்லாத இடைத்தளமோ நீட்டிய பின்பக்கமோ கண்ணெதிரே இருந்தால், "இதை யார் கட்டினது தவுக்கே (முதலாளி)?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். பழைய குடித்தனக்காரர் கட்டியதாக இருந்தாலும், அதிகாரி வந்து நிற்கும் நாளில் கடைக்குள் இருக்கப்போவது நீங்கள்தான்.

எந்த அலுவலகம் எதைக் கேட்கும்

இதில்தான் பலருக்குக் குழப்பம். வியாபாரப் பதிவு எஸ்எஸ்எம்மில். கடை நடத்தவும் பெயர்ப்பலகை மாட்டவும் உரிமம் தருவது கோலாலம்பூர் மாநகர் மன்றம், அதாவது டிபிகேஎல். உரிமத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தீ சம்பந்தமான அதிகாரம் மலேசிய தீயணைப்பு மீட்புத் துறைக்கு. நம் பேச்சில் போம்பா. அதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம், 341ஆவது சட்டம்.

போம்பாவின் தீச் சான்றிதழ் எல்லாக் கடைக்கும் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அந்தச் சான்றிதழ், அரசாணையில் குறிப்பிட்ட வகை, அளவுள்ள பெரிய கட்டடங்களுக்கானது. பேரங்காடி, பெரிய ஹோட்டல், மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவை. சாதாரண ஒற்றை லாட் கடை அந்தப் பட்டியலில் பொதுவாக வராது. ஆனால் சான்றிதழ் வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே 341ஆவது சட்டத்தில் 'தீ அபாயம்' என்று ஒன்று உண்டு. தப்பிக்கும் வழியை மறைப்பது, அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றி வெளியேறுவதைக் கடினமாக்குவது, இருக்க வேண்டிய கருவி இல்லாமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். அப்படி எதையாவது கண்டால் போம்பா அதிகாரி நீக்கச் சொல்லி நோட்டீஸ் தரலாம். மதிக்காவிட்டால் வழக்கு. சின்னக் கடை, பெரிய கடை என்ற பாகுபாடு அதில் இல்லை.

சில வகை வியாபாரங்களுக்கு உரிமம் தரும் முன் மாநகர் மன்றமே போம்பாவின் ஆதரவுக் கடிதத்தைக் கேட்கும். உங்கள் வகை அதில் வருகிறதா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பார்கள் என்றால் உள்வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதிப் போம்பா அலுவலகத்துக்குப் போய், கடையின் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். முன்கூட்டியே வந்து கேட்கிறவரை அதிகாரிகள் நன்றாகவே நடத்துகிறார்கள். கருவி எங்கே மாட்டுவது, அலமாரியை எப்படித் திருப்புவது என்று வரைபடத்திலேயே பென்சிலால் காட்டிக் கொடுப்பவர்களும் உண்டு.

பேரங்காடியில் கடை எடுத்தால் தீச் சான்றிதழ் வளாகத்தின் பொறுப்பு. நீங்கள் நிர்வாகத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே ஆணி அடிக்கலாம். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகளை நகர்த்துவதோ, அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதோ கூடவே கூடாது. அடுக்கிய சரக்கின் உச்சிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் நடுவில் அரை மீட்டராவது விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் பெட்டியின் மேலே விழும், தீ அடியில் எரிந்துகொண்டே இருக்கும்.

கரண்டு

உள்வேலைக்குக் காசு ஒதுக்கும்போது வயரிங்கைக் கடைசியில் வைக்காதீர்கள். முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூட்டிப்போய் முழுக் கடையையும் சோதிக்கச் சொல்லுங்கள். தெரிந்த பையன், கைவேலைக்காரர் எல்லாம் அலமாரி மாட்டட்டும், கரண்டைத் தொட வேண்டாம். மெயின் பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்கள் தெரிந்தால் மொத்தமாக மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிளக் பாயிண்டைச் சுற்றிப் பழுப்புக் கறை, கை வைத்தால் சூடு, மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' சத்தம், மீன் கருகியது போன்ற வாடை இருந்தால் உள்ளே கம்பி இளகி எரியத் தொடங்கியிருக்கலாம். அந்தச் சுற்றை உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் கருவி, நாம் இஎல்சிபி என்று சொல்வது, கட்டாயம் வேண்டும். கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்கள் செருகும் சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை. அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள், கரண்டு 'டக்'கென்று போக வேண்டும். போகாவிட்டால் கருவி செத்துவிட்டது. வாடகை கட்டும் தேதியிலேயே இதையும் செய்தால் மறக்காது.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். தண்ணீர் கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தொடும். துணிக்கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. குளிர்சாதனத்துக்கும் ஃப்ரீசருக்கும் தனித்தனிச் சுற்று போடச் சொல்லுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகாதீர்கள். வயரைக் கால்மிதிக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னால் நெருக்கியோ விடாதீர்கள். வாங்கும்போது மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசிக் கடை வைப்பவர்கள் பழைய பேட்டரிகளையும் பழுதுபார்க்க வந்த சாதனங்களையும் இரவில் சார்ஜில் விட்டுப் போகவே கூடாது. உப்பிய பேட்டரி கடைக்குள் ஒரு மணி நேரம்கூட இருக்க வேண்டாம்.

இரவு மூடும்போது ஃப்ரீசர், கண்காணிப்புக் கேமரா தவிர மற்ற எல்லாம் மெயினிலேயே அணையும்படி வயரிங்கை முதலிலேயே பிரித்துவிடுங்கள். வேலை நடக்கும்போது சொன்னால் வயர்மேனுக்குப் பெரிய காரியமில்லை.

கதவும் பூட்டும்

இந்த ஊரில் திருட்டுப் பயம் உண்டு. அதனால் முன்னால் ஷட்டர், அதற்குப் பின்னால் கிரில், பின்கதவுக்கு இரும்புக் கதவு, அதில் மாங்காய்ப் பூட்டு. வியாபாரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தீப்பிடித்த கட்டடங்களில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் பூட்டிய கிரிலுக்குப் பின்னால்தான். சாவி எங்கே என்று இருட்டில், புகையில் தேடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டிவிடுகிறது. துணியும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் கரும்புகை, தீ கிட்டே வரும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும்.

கட்டடத் துணைச் சட்டத்தின் 173ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: வெளியேறும் கதவு எதுவாக இருந்தாலும் உள்ளிருந்து சாவி இல்லாமல், தனித் திறமையோ பலமோ வேண்டாமல் திறக்க வேண்டும். அதனால் பின்கதவுக்கு மாங்காய்ப் பூட்டு வேண்டாம். வெளியிலிருந்து சாவி கேட்கும், உள்ளிருந்து குமிழைத் திருகினாலே திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. வசதியிருந்தால் உடம்பால் தள்ளினாலே திறக்கும் தள்ளுகம்பி போடுங்கள். திருடன் கம்பி இடுக்கில் கைவிட்டுத் திருகிவிடுவான் என்று பயந்தால், குமிழைச் சுற்றி ஒரு இரும்புத் தகடு வெல்டு செய்துகொள்ளலாம். நான் செய்து கொடுக்கும் கடைகளில் அப்படித்தான் வைக்கிறேன்.

மோட்டார் ஷட்டர் போட்டால் கரண்டு போனாலும் கையால் தூக்கச் சங்கிலி இருக்க வேண்டும். அது எங்கே, எப்படி இழுப்பது என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கார்டு காட்டித் திறக்கும் காந்தப் பூட்டு என்றால், கரண்டு போனதும் தானே விடுபடும் வகைதான்.

கதவு மட்டும் போதாது, கதவுக்குப் போகும் வழியும் வேண்டும். பின்பக்கம் சரக்கறையாக இருந்தால் அதற்குள் தரையில் மஞ்சள் கோடு இரண்டு போட்டு நடைவழியைக் குறித்துவிடுங்கள். ஒரு ஆள் அகலத்துக்குக் குறைந்து விடாதீர்கள், மூன்றரை அடி இருந்தால் நல்லது. அந்தக் கோட்டுக்குள் ஒரு பெட்டிகூட, "அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிக்கொண்டும் வைக்கக் கூடாது. கதவுக்கு மேலே 'கெலுவார்' (வெளியேறும் வழி) என்ற விளக்குப் பலகையும், கரண்டு போனால் தானே எரியும் அவசர விளக்கும் மாட்டுங்கள். கடைமுன் ஐந்தடி நடைபாதையில் சரக்கை அடுக்கினால் மாநகர் மன்றம் அபராதம் போடும், பொருளைத் தூக்கிக்கொண்டும் போகும். அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மாடியிலிருந்து படி இறங்கி ஓடிவருகிறவர்களுக்கும் அதுதான் வழி என்பது.

மாடியும் உங்கள் வசம் என்றால், அங்கே வேலையாட்களைத் தங்க வைக்கலாம் என்று தோன்றும். பலர் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படியே செய்துவிடாதீர்கள். வேலையாட்களுக்குத் தங்குமிடம் கொடுக்கும் முதலாளி 446ஆவது சட்டப்படி தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2020 ஜூன் முதல் இது தோட்டங்களோடு நிற்காமல் எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது. கீழே துணியும் அட்டையும் நிறைந்த கடை, மேலே தூங்கும் ஆட்கள், நடுவில் ஒரே மரப்படி, வாசலில் முதலாளி பூட்டிப்போன ஷட்டர். இதைவிட ஆபத்தான அமைப்பு இருக்க முடியாது. ஊரிலிருந்து நம்மை நம்பி வந்த பிள்ளைகள். இரவில் யாரையும் உள்ளே வைத்து வெளியில் பூட்டாதீர்கள், ஒரே ஒரு இரவாக இருந்தாலும்.

தீயணைப்புக் கருவி

ஒற்றை லாட் கடைக்கு, பெரும்பாலான வகைத் தீக்குப் பொதுவான ஏபிசி உலர்தூள் கருவி குறைந்தது இரண்டு வையுங்கள். முன்னால் ஒன்று, பின்கதவருகில் ஒன்று. கைபேசி, கணினி, கல்லாப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கரியமில வாயுக் கருவி சிறியதாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். தூள் தீயை அணைக்கும், ஆனால் மின்னணுச் சாமான்களுக்குள் புகுந்து அரித்துவிடும். வாயு ஒரு தடயமும் விடாது. வாயுக் கருவியின் புனலைக் கையால் பிடிக்காதீர்கள், உறைகுளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும் இடம் முக்கியம். துணைச் சட்டத்தின் 227ஆவது விதி, வெளியேறும் வழியில், எல்லாப் பக்கமிருந்தும் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது. காரணம் எளிது. கருவியை எடுக்க வாசலை நோக்கி ஓடுகிறீர்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்து, அணைக்க முடியுமா என்று முடிவு செய்கிறீர்கள். முடியாது என்றால் வாசல் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கல்லாவுக்கு அடியில், கோணிக்குப் பின்னால், கதவைப் பிடித்து நிறுத்த என்று கருவியை வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வாங்கும்போது சிரிம் முத்திரை, போம்பா வில்லை, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் சர்வீஸ் செய்து வில்லையைப் புதுப்பிக்க வேண்டும். "போம்பாவிலிருந்து வருகிறோம்" என்று சீருடை மாதிரி உடுத்திக் கடை கடையாகக் கருவி விற்க வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். போம்பா வாசல் வாசலாகக் கருவி விற்பதில்லை என்று துறையே பலமுறை எச்சரித்திருக்கிறது.

உபயோகிக்கும் முறை நான்கே அசைவு. ஊசியை இழுங்கள். குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடியுங்கள். பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாக வீசுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் போதும். தூள் அரை நிமிடம்கூட நிற்காது என்பதை மறக்க வேண்டாம். குப்பைத்தொட்டி அளவுத் தீக்குத்தான் அது. தீ உங்கள் தலை உயரத்தைத் தாண்டிவிட்டால், புகை கண்ணை மறைத்தால் கருவியைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

மாதம் ஒருமுறை அளவுமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். வாயுக் கருவியில் முள் இருக்காது, அதை எடை போட்டுத்தான் சோதிப்பார்கள். அது சர்வீஸ்காரரின் வேலை.

நம் சரக்கும் நம் பழக்கமும்

பூஜைப் பொருள் கடை வைப்பவர்கள் கற்பூரத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். கற்பூரம் திடப்பொருளாக இருந்தும் சுலபமாக ஆவியாகும், சட்டென்று பற்றும், தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும். விளக்கெண்ணெய், ஊதுபத்தி, கற்பூரம் மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்குவது வாடிக்கையாளருக்கு வசதி, தீக்கும் வசதி. கற்பூரத்தைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், விளக்குச் சூடு படாத இடத்தில் வையுங்கள். விற்பனைக்கு முன்னால் கொஞ்சம், மீதி பின்னால்.

கடையில் சாமி மேடை இல்லாமல் நம்மவர்கள் தொழில் தொடங்குவதில்லை, தொடங்கவும் வேண்டாம். மேடையை வைக்கும் இடம்தான் பேச்சு. மேலே துணி தொங்கக் கூடாது, பின்பலகைக்கு ஓடு அல்லது தகடு ஒட்டுங்கள், விளக்குக்கு அடியில் விளிம்புள்ள பித்தளைத் தட்டு வையுங்கள். காலையில் ஏற்றிய விளக்கு, ஆள் இருக்கும்வரை எரியட்டும். ஷட்டரை இறக்கும் முன் குளிரவைத்துவிட்டுப் போங்கள். இரவு முழுக்க ஒளி வேண்டும் என்று நினைப்பவர்கள் அதற்குச் சின்ன எல்இடி விளக்கு வைக்கலாம்.

திறப்பு விழாவுக்குக் கணபதி ஹோமம் செய்வதாக இருந்தால், பேரங்காடியிலோ புகை உணர்கருவி உள்ள கட்டடத்திலோ நிர்வாகத்திடம் சில நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் செய்தால் மந்திரத்தின் நடுவில் அலாரம் அலறும், மொத்தக் கட்டடமும் இறங்கி ஓடும். உணர்கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடுகிற யோசனையே வேண்டாம், எடுக்க மறந்துவிடுவார்கள். கடைவீட்டில் என்றால் குண்டத்தைச் செங்கல் மேல், வாசலுக்கு அருகே வைத்து, சீலிங் அலங்காரத்தை ஹோமம் முடிந்த பிறகு கட்டச் சொல்லுங்கள். ஐயர் கிளம்பிய பின் சாம்பலை உடனே குப்பைப் பையில் கொட்டிவிடாதீர்கள். உள்ளே கனல் மணிக்கணக்கில் இருக்கும். தண்ணீர் தெளித்து, இரும்பு வாளியில் விட்டுவையுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் மிகவும் கவனம் வேண்டிய காலம். சரக்கு இரட்டிப்பாகும், மஞ்சள் கோடு மறையும், கூடுதல் விளக்குச் சரங்கள் ஏறும், கூட்டம் நெருக்கும். கடைக்குள் கொள்ளாத சரக்குக்குக் கிடங்கு ஒன்றை மாத வாடகைக்கு எடுப்பது, வழியை அடைப்பதைவிட மலிவு. பட்டாசு, மத்தாப்பு விற்பதற்கு 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி காவல்துறையின் அனுமதி வேண்டும். யாரோ கொண்டுவந்து தருகிறார்கள் என்று கல்லாவுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். எரிவாயுத் தோம்பு கடையில் இருந்தால் நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில், படிக்கட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவும்.

திறந்த பிறகு

முதல் வாரத்திலேயே வேலையாட்களை ஒரு மாலை நிறுத்திவைத்து எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பின்கோடியிலிருந்து பின்கதவைத் தடவிக்கொண்டே போய்த் திறக்கட்டும். மெயின் சுவிட்ச் எங்கே, ஷட்டர் சங்கிலி எங்கே என்று ஒவ்வொருவரும் தொட்டுக் காட்டட்டும். நேப்பாளி, வங்காளதேசப் பிள்ளைகள் வேலை செய்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில் இரண்டு தரம் சொல்லுங்கள். கடையின் முழு முகவரியை, பக்கத்து அடையாளத்தோடு, பெரிய எழுத்தில் மலாயில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவையுங்கள். 999க்குக் கூப்பிடும் பதற்றத்தில் சொந்தக் கடையின் ஜாலான் பெயரே வாயில் வராது. கூப்பிட்ட பின், வண்டிக்கு வழிகாட்ட ஒருவர் தெருமுனையில் நிற்க வேண்டும். வெளியே வந்துவிட்ட யாரும் கைபேசி எடுக்க, கல்லாப் பணம் எடுக்க என்று திரும்ப உள்ளே போகக் கூடாது.

காப்புறுதியைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்காரர் எடுத்திருக்கும் தீக் காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும். உங்கள் சரக்கு, அலமாரி, உள்வேலைக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். விற்கும் பொருளை மறைக்காமல் எழுதுங்கள். கற்பூரம் விற்பதை 'பரிசுப் பொருள்' என்று போட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். சரக்கின் மதிப்பைக் குறைத்துப் போட்டால் கிடைக்கும் தொகையும் அதே விகிதத்தில் குறையும். தீபாவளிச் சரக்கு ஏறும் மாதங்களுக்குத் தொகையைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். இழப்பீடு கோரும்போது போம்பாவின் தீ அறிக்கையும் காவல்துறைப் புகாரும் வேண்டியிருக்கும். சரக்கு வாங்கிய ரசீதுகள், வயர்மேன் தந்த சோதனைத் தாள், கருவி சர்வீஸ் ரசீது, கடையின் ஒவ்வொரு அலமாரியின் படம் எல்லாவற்றையும் கைபேசியில் எடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஒப்பந்தமும் காப்புறுதிப் பத்திரமும் கடைக்குள் இருக்கவே வேண்டாம், வீட்டில் வையுங்கள்.